4294967297: 128 எங்கிருந்து வருகிறது?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், வெள்ளிக்கிழமை நடக்கும் கணிதக் கண்காட்சிக்கு 4294967297 என்ற எண்ணை எடுத்திருக்கிறாள். 2-இன் 32ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் வருவது. 3, 5, 17, 257, 65537 போல இதுவும் பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

வீட்டிலிருப்பது எட்டு இலக்கக் கால்குலேட்டர். விடை அதில் அடங்கவில்லை. கையாலேயே பெருக்கிச் சார்ட்டில் எழுதினோம். 641 என்பது 5 × 128 + 1, அதுவே 625 + 16 என்பதை வைத்து, 641ஆல் வகுபடும் என்று அவளே நிறுவிவிட்டாள். அப்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

சிக்கல் 6700417இல். அது பகா எண் என்று காட்ட 2588 வரையுள்ள பகா எண்களால் வகுக்க வேண்டும். இதன் பகாக் காரணி எதையும் 128ஆல் வகுத்தால் மீதி 1 என்ற விதியால் 257, 641, 769, 1153, 1409 மட்டும் போதும். வகுத்தோம், எதிலும் மீதியின்றிப் போகவில்லை. 257க்கு மீதி 170.

"அந்த விதி ஏன் உண்மை?" என்கிறாள். டியூஷன் ஆசிரியர் கல்லூரியில் படிப்பாய் என்று முடித்துவிட்டார். பொள்ளாச்சியில் வாங்கிய புத்தகத்தில் நிரூபணம் இல்லை. அப்படியொரு பகாக் காரணியால் வகுத்தால், 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் 64 படிக்கு ஒருமுறை சுழல்கின்றன. ஆகவே அந்தக் காரணியை 64ஆல் வகுத்தால் மீதி 1 என்பது வரை எனக்குப் புரிகிறது. அது 128 ஆவதுதான் பிடிபடவில்லை.

மீதிகளை மட்டும் வைத்து அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?