புதுப்பிப்பு: செம்பு வினையூக்கி தளர்ந்த காரணம் தெரிந்துவிட்டது

கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் மெத்தனாலாக்கும் செம்பு, துத்தநாக ஆக்சைடு வினையூக்கி இரண்டே நாளில் வீரியம் குறைந்து தளர்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். சூட்டில் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன என்றீர்கள். 300 டிகிரியைத் தாண்டினால் அப்படித்தான். நாங்கள் 240-ஐத் தாண்டவில்லை.

காரணம் தண்ணீர்! மதுரையில் எங்கள் ஆய்வகத்தில், வினையூக்கி செய்கையில் கரைசலில் இருந்து திண்மமாகப் படியும் வீழ்படிவைக் கழுவியது ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில். அதிலுள்ள குளோரைடு செம்புக்கு நஞ்சு: வினை நடக்கும் இடங்களை அடைக்கிறது, துகள்கள் திரளவும் வழிசெய்கிறது. இம்முறை காய்ச்சி வடித்த நீரில், வெள்ளி நைட்ரேட் விட்டாலும் கழுவுநீர் கலங்காத நிலை வரும்வரை, அதாவது குளோரைடு நீங்கும்வரை, கழுவினேன். ஆறாவது நாளாகத் தளராமல் ஓடுகிறது. எத்தனை மகிழ்ச்சி!

வீழ்படிவில் மீந்த சோடியத்தையும் கவனிக்கச் சொன்ன திருமங்கலத்து அண்ணனுக்கு நன்றி. அதுவும் இந்தக் கழுவலில்தான் வெளியேறியது.