மே மாதம் ஜெய்ப்பூர், ஒரே நாளில் இத்தனை இடம்: அம்மாவால் முடியுமா?

ஈரோட்டுப் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரம் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் டூர் போகிறேன். இங்கிருந்தே கிளம்புகிற குழு, சமையல்காரரும் கூடவே வருகிறார். ஜெய்ப்பூருக்கு ஒரே ஒரு நாள். அவர்கள் கொடுத்த பேப்பரில் இப்படி இருக்கிறது: காலை ஒன்பதரைக்குக் கிளம்பி ஹவா மஹால், ஜந்தர் மந்தர், சிட்டி பேலஸ். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு ஆம்பேர் கோட்டை. திரும்பும்போது ஜல் மஹால், ஷாப்பிங். அம்மாவுக்கு 67 வயது, முட்டி வலி உண்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். "நம்ம ஊரில் இல்லாத வெயிலா" என்கிறார். பேப்பரைப் பார்த்தால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது. இதில் எதை விடலாம், எதை விடவே கூடாது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்படி:
தங்கச்சி, நான் இந்த மாதிரி டூர்களுக்குச் சமையலுக்குப் போகிறவன். மாயவரம் பக்கம். பஸ்ஸில் கடைசி சீட்டில் அண்டா குண்டானோடு உட்கார்ந்து ஜெய்ப்பூரைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எதையும் விட வேண்டியதில்லை. அந்தப் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள், போதும்.

முதலில் அம்மாவுக்கு ஒரு விஷயம். நம்ம ஊர் வெயில் வேறு, அது வேறு. நம்ம ஊரில் சட்டை நனையும், தாகம் தானாக எடுக்கும். அங்கே வியர்வை வெளியே வந்ததும் காற்று குடித்துவிடும். உடம்பு காய்ந்தே இருக்கும். "பரவாயில்லையே, வியர்க்கவே இல்லை, ஈரோட்டைவிட சுகமா இருக்கு" என்று காலையில் சொன்னவர்தான் மூன்று மணிக்கு மயங்கி உட்காருவார். நான் பார்த்திருக்கிறேன். மே மாதம் அங்கே 42, 43 டிகிரி சாதாரணம். மதியத்துக்கு மேல் 'லூ' என்று ஒரு காற்று அடிக்கும், அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் படும். அந்த நேரத்தில் இரண்டு மணிக்கு ஆம்பேர் மேலே ஏற்றுகிறேன் என்று எவனோ எழுதியிருக்கிறான் பாருங்கள், அவன் மே மாதம் அங்கே போனதே இல்லை.

ஆம்பேர் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஊரிலிருந்து 11 கிலோமீட்டர்தான். ஏழு மணிக்குள் பஸ் கிளம்பினால், போகும் வழியில் ஹவா மஹால் முகப்பைப் பார்த்துவிடலாம். அது கிழக்கே பார்த்த கட்டடம், காலை வெயிலில்தான் அந்த 953 ஜன்னலும் எடுப்பாகத் தெரியும். எல்லோரும் எடுக்கும் போட்டோ தெருவிலிருந்துதான், உள்ளே போகும் வாசல் பின்பக்கம். ஜல் மஹாலும் அதே ரோட்டில்தான் வரும். ஏரி நடுவில் நிற்கும், உள்ளே விட மாட்டார்கள், கரையிலிருந்து பார்த்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய பஸ் ஆம்பேர் கோட்டைக்கு மேலே ஏறாது. கீழே ஜீப் நிற்கும், குழுவாகப் பேசி ஏறிக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர் அந்த ஏற்றத்தை நடக்க வேண்டாம். மேலே ஷீஷ் மஹால் என்று கண்ணாடி பதித்த மண்டபம், அதற்கு எதிரே தோட்டத்தைத் தாண்டி சுக் நிவாஸ். கூட்டம் மொத்தமும் கண்ணாடிப் பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கும், நீங்கள் அம்மாவை சுக் நிவாஸில் உட்கார வையுங்கள். அந்தக் காலத்தில் அங்கே தரையில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓடவிட்டு, அதன் மேல் வரும் காற்றில் குளிர்ச்சி ஏற்படுத்தினார்கள். ராஜாவும் இந்த வெயிலில்தானே இருந்தான். ஷிலா தேவி கோயிலும் கோட்டைக்குள்தான் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கும் காலைதான் சரி.

பத்தரைக்குக் கீழே இறங்கினால் நேராக சிட்டி பேலஸ். அங்கே எனக்குப் பிடித்தது இரண்டே இரண்டு வெள்ளிப் பாத்திரம். கங்காஜலி என்பார்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம், 345 கிலோ. 1902-ல் ஜெய்ப்பூர் ராஜா மாதோ சிங், லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குக் கப்பல் ஏறும்போது, குடிக்கக் கங்கைத் தண்ணீரை இதில்தான் நிரப்பிக் கொண்டுபோனார். ஒன்றில் 4000 லிட்டர் பிடிக்கும். நாற்பது பேருக்குத் தண்ணீர் சுமக்கவே எனக்கு இடுப்பு ஒடிகிறது. அதன் வயிற்றைக் கையால் தட்டிப் பார்க்க ஆசை, காவலர் விடமாட்டார். பாத்திரம் இருக்கிற மண்டபம் நாலு பக்கமும் திறந்த நிழல், கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை வெளியே தலை காட்டாதீர்கள். சாப்பாடு, அப்புறம் அந்த ஷாப்பிங். ஒரு கைவினைக் கடைக்குக் கட்டாயம் கூட்டிப்போவார்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும். போகட்டும், ஏசி நன்றாக இருக்கும். ஜமக்காளத்தை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவான், உட்கார்ந்து பாருங்கள், அவன் தரும் தண்ணீரைக் குடியுங்கள், பர்ஸை மட்டும் திறக்காதீர்கள்.

மூன்றாம் கண்:
அண்ணன் ஜந்தர் மந்தரைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் ஜெய்ப்பூரில் வேலையாக இருந்தவன். வெயிலில் பார்க்க வேண்டிய ஒரே இடம் அதுதான், ஏனென்றால் அங்கே இருக்கும், வானத்தை அளக்கக் கட்டிய கருவிகள் பெரும்பாலும் நிழலை வைத்துத்தான் வேலை செய்கின்றன. மேகம் போட்டால் வெறும் செங்கல் சுவர். ஊரை 1727-ல் நிர்மாணித்த அதே இரண்டாம் ஜெய் சிங்தான் இதையும் கட்டினார். சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் நிழல் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு நின்றால் நிழல் விரல் மேல் ஏறுவது கண்ணெதிரே தெரியும். மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்கத்து வளைவில் பாருங்கள், நிழல் அங்கேதான் விழும். உங்கள் கைக்கடிகாரத்தைவிட அது இருபது நிமிடத்துக்கு மேல் பின்தங்கிக் காட்டும். பழுது இல்லை. நம் இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது, ஜெய்ப்பூர் அதற்கு நன்றாக மேற்கே இருக்கிறது. சிட்டி பேலஸுக்குப் பக்கத்திலேயே என்பதால் மூன்றரைக்கு மேல் போய் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். நாலரைக்கு மூடிவிடுவார்கள், தாமதிக்காதீர்கள். பெரியவர்களுக்குக் குடை கட்டாயம், உள்ளே நிழல் குறைவு.

ஈரோட்டுப் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். டூர்காரரிடம் பேசினேன். ஏழு மணிக்குக் கிளம்ப ஒத்துக்கொண்டார், "எல்லாரும் குளிச்சு ரெடியா இருந்தா எனக்கென்ன" என்கிறார். இப்போது வேறு பிரச்சினை. பஸ்ஸில் போகும்போது பாத்ரூம் கிடைக்காது என்று அம்மாவும் சித்தியும் தண்ணீரே குடிப்பதில்லை. போன முறை திருப்பதிக்கும் இதே கதைதான்.

அடுப்படி:
எல்லா டூரிலும் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். வெயிலைவிட இதுதான் ஆளைச் சாய்க்கிறது. ஆம்பேரிலும் சிட்டி பேலஸிலும் கழிப்பறை உண்டு, அந்த இரண்டு இடத்திலும் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்வரச் சொல்லுங்கள். பயம் போனால் தானாகக் குடிப்பார்கள். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போகவைக்கும் என்பார்கள், கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெறும் தண்ணீர் இறங்காவிட்டால் மோர். அங்கே சாச் என்று எந்தத் தெருவிலும் விற்பான், வறுத்த சீரகம் போட்டு. ரோட்டோரம் நம்ம தண்ணீர்ப் பந்தல் மாதிரி பானை வைத்துச் சும்மா தருவார்கள், 'பியாவு' என்று பெயர். நல்ல மனசு, ஆனால் ஒரு நாள் விருந்தாளி வயிற்றுக்கு பாட்டில் தண்ணீர்தான் பத்திரம்.

அப்புறம் உங்கள் சமையல்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தயிர் சாதத்தைக் காலையில் முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்தால் பதினோரு மணிக்கே புளித்துவிடும். சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, இரண்டு கரண்டி தயிர் மட்டும் போட்டுக் கட்டட்டும். ஒரு மணிக்குப் பிரிக்கும்போது பதமாக இருக்கும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயே போதும். ஆவக்காய் ஊறுகாயை பஸ்ஸில் பிரிக்க வேண்டாம், சீட்டில் எண்ணெய் பட்டால் டிரைவர் டெல்லி வரைக்கும் முணுமுணுப்பார்.