கூர்வளைவு இருந்தால் அது ரோமனெஸ்க் இல்லையா?

படிக்கல் (கேள்வி):
ஐரோப்பாவின் இடைக்கால ஆலயங்களில் அரைவட்ட வளைவு இருந்தால் ரோமனெஸ்க் பாணி, உச்சி கூராக முடியும் கூர்வளைவு இருந்தால் அதற்குப் பின்வந்த கோதிக் பாணி என்றுதான் இதுவரை பிரித்துப் பார்த்து வந்தேன். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தின் உட்புறப் படங்களைப் பார்த்ததும் குழம்பிவிட்டேன். நடுக்கூடத்தின் இருபுறமும் பருத்த தூண்களும் அரைவட்ட வளைவுகளும் நிற்க, கூரையைக் குறுக்கே தாங்கும் வளைவுகள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன. 1093-இல் தொடங்கிய இக்கட்டடத்தை நூல்கள் ரோமனெஸ்க் என்றே குறிப்பிடுகின்றன. அப்படியானால் இந்தப் பாணியை எதைக்கொண்டு அடையாளம் காண்பது?

கற்சுவர்:
முதலில் சுவரைப் பாருங்கள். பீப்பாயை நீளவாக்கில் அறுத்துக் கவிழ்த்தது போன்ற கற்கூரையின் பாரம் கீழ்நோக்கி இறங்குவதோடு நில்லாமல், சுவர்களை அவற்றின் நீளம் முழுவதும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அதனால்தான் இருமுகமும் செதுக்கிய கல்லை அடுக்கி, இடையில் கல்துண்டுகளும் சுண்ணாம்புக் காரையும் நிரப்பிய தடித்த சுவர். அதனால்தான் சிறிய சன்னல்களும் அந்த அரையிருளும். பிரான்சில் துலூஸ் நகரின் புனித செர்னின் ஆலயத்தில் பக்கக்கூடங்களின் மேல்தளமே நடுக்கூரைக்கு முட்டுக்கொடுக்கிறது. அதே காரணத்தால் நடுக்கூடத்தின் மேற்பகுதிக்கு நேரடி வெளிச்சம் இல்லை. அதே நாட்டின் கிளூனி மடத்தார் 1088-இல் தொடங்கிய பேராலயத்திலோ கூரைக்குச் சற்றுக் கீழே சன்னல் வைக்கத் துணிந்தார்கள். 1125-இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கிளூனியிலும் கூர்வளைவுகள் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூரிகை:
கற்கூரையை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தாலியின் பீசா பேராலயத்தின் நடுக்கூடத்துக்கு மரக்கூரைதான். ஆயினும் முகப்பில் தளம் தளமாக ஏறும் சிறுதூண் வரிசைகளைப் பார்த்த எவரும் அதை ரோமனெஸ்க் அல்ல என்று சொல்லமாட்டார். வாயில்களையும் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக உள்வாங்கும் வளைவுகள், அவற்றின் நடுவே அரைவட்டக் கற்பரப்பு, அதில் பிரான்சின் ஓதென் ஆலயத்தில் உள்ளதுபோல இறுதித் தீர்ப்புக் காட்சி. அங்கே கிஸ்லெபெர்ட்டுஸ் என்ற பெயரும் கிறிஸ்துவின் காலடியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது சிற்பியின் பெயரா, செய்வித்தவரின் பெயரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

படிக்கல்:
இருவருக்கும் நன்றி. டர்ஹாமில் அந்த ஓரிடத்தில் மட்டும் கூர்வளைவு ஏன் தேவைப்பட்டது?

கற்சுவர்:
காரணம் வடிவியல்தான். கூரையின் ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவிட்டமாகச் செல்லும் கல்விலாக்கள் (விலா எலும்புபோலக் கூரையின் அடியில் வளையும் கற்பட்டைகள்) நீளமானவை; அவற்றை அரைவட்டமாக அமைத்தால் உச்சி உயரமாகிவிடும். குறுக்கு வளைவின் அகலம் குறைவு என்பதால், அதையும் அதே மட்டத்திலிருந்து அரைவட்டமாக எழுப்பினால் உச்சி தாழ்ந்துபோகும். கூர்வளைவின் உயரத்தையோ அகலத்துக்குக் கட்டுப்படாமல் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே, கூரை உச்சிகளை ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரவே டர்ஹாமின் கொத்தர்கள் அதைக் கையாண்டார்கள். சுவரின் கனத்தை அவர்கள் குறைக்கவில்லை. பாரிசுக்கு அருகே புனித தெனி மடாலயத்தில், 1140-க்கும் 1144-க்கும் இடையில் மடாதிபதி சூழே எழுப்பிய பீடப்பகுதியில், அதே விலாக்களும் கூர்வளைவும் சேர்ந்து பாரத்தை மெல்லிய தூண்களுக்குக் கடத்த, வெளிச்சுவர் இருந்திருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடியாயிற்று. அந்தக் கட்டடம் முதற்கொண்டுதான் கோதிக் என்ற பெயரை வழங்குகிறார்கள்.