க்ரைம் நாவலுக்காக யாரைத் தேடிப் போனீர்கள்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டைவாசி:

க்ரைம் நாவல் எழுதுகிறவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறோம். எப்படி எழுதுவது என்று பேசிப் பேசி அலுத்துவிட்டது. எழுதுவதற்காக யாரைப் போய்ப் பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார்? அதைக் கொட்டுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர் இருக்கிறார். சர்வீஸில் பாதியை ஸ்டேஷன் ரைட்டராகவே ஓட்டியவர். என் கதையில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதித்த வேகத்தில் பிணத்தைப் புரட்டி, சட்டைப் பையிலிருந்து கடிதத்தை உருவுவார். அந்தப் பக்கத்தைப் படித்ததுமே எஸ்.ஐ. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "ஏன் தம்பி, பஞ்சாயத்தார் யாருமே வரலையா?"

முதலில் போட்டோ, பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் பார்த்ததைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம். அப்புறம் உள்ளூர்க்காரர்கள் முன்னிலையில் பிரேத விசாரணை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 174ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 194. காயம் எங்கே, இடுப்பில் என்ன, வேட்டிக் கரை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாக எழுதி, நின்றவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "அந்தக் கையெழுத்துப் போடுறவன் இருக்கானே, அவன்தான் உனக்குக் கதை. போட்டுட்டு வீட்டுக்குப் போய் பயப்படுவான். கோர்ட்ல ஏறி, நான் எதையும் பாக்கலைம்பான்."

குற்றவாளி ஸ்டேஷனில் கதறி அழுது ஒப்புக்கொள்வதோடு நாவல் முடிகிறது என்றேன். சிரித்தார். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. அவன் காட்டிக் கொடுத்து கிணற்றிலிருந்து அரிவாளை எடுத்தால், எடுப்பதற்கு வழிகாட்டிய அந்தப் பேச்சு மட்டும் நிற்கும். அதற்குச் சாட்சியாகத்தான் வி.ஏ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். என் கடைசி நாலு அத்தியாயங்கள் இப்போது அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் நடக்கின்றன. வி.ஏ.ஓ. தாமதமாக வருகிறார்.

வைகைக்கரை:

நான் போய்ப் பார்த்தது ஒரு ஃபாரன்சிக் டாக்டர் அம்மாவை. முதல் கேள்வியே கர்ச்சீப்பில் குளோரோஃபார்ம். "மயங்கறதுக்குச் சில நிமிஷமாவது விடாம மூக்குல அழுத்தணும்மா. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு சும்மா நிக்குமா?" என்றார். நம் நாவல்களில் எத்தனை கடத்தல் இதில் அடிபட்டுப் போகிறது பாருங்கள்.

பிணம் விறைப்பதற்கு வெளிநாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே இறக்கி வைக்காதீர்கள் என்றும் சொன்னார். சித்திரை வெயிலில் விறைப்பு சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். ஏசி அறையில் கிடந்த உடலுக்குக் கணக்கு வேறு. ஆகவே "சரியாக 9.40க்கு இறந்திருக்கிறார்" என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நான் அந்த வசனம் எழுதுவதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று. சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் எல்லாம் அதில் சேராது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய. ஆக, சாயங்காலம் வந்த உடல் விடியும்வரை காத்திருக்கும். வாசலில் சொந்தக்காரர்கள், ஒரு கான்ஸ்டபிள், எதிரே டீக்கடை. யார் அழுகிறார்கள், யார் போனில் சொத்து பேசுகிறார்கள் என்று எல்லாம் அந்த ஒரு ராத்திரிக்குள் தெரிந்துவிடும். துப்பறியும் ஆளே எனக்குத் தேவைப்படவில்லை.

கடைசியாக, மார்ச்சுவரி உதவியாளர். கத்தியும் ஊசிநூலுமாக வேலையில் பெரும்பங்கு அவர் கையில். ஆனால் கதைகளில் அவர் குடித்துவிட்டுக் கதவு திறக்கும் ஆள் மட்டும்தான்!

பாக்கெட்நாவல்_பழசு:

தங்கச்சி சொன்னது நன்றாக இருக்கிறது. நான் தொழில் பக்கம் வருகிறேன்.

80களில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் மாத நாவல்கள் கிளிப் போட்டுத் தொங்கிய காலத்தில் எழுத வந்தவன் நான். கதை எழுதுவதற்கு முன்பே அடுத்த மாத நாவல் என்று தலைப்பு விளம்பரம் வந்துவிடும். அட்டைப்படத்தில் துப்பாக்கி இருந்தால் கதையிலும் துப்பாக்கி வர வேண்டும், அவ்வளவுதான். ராஜேஷ்குமார் சார் கோவையில் இருந்துகொண்டே 1500க்கு மேல் நாவல் எழுதினார் என்றால் பலர் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். அவருடைய விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி என்று துப்பறியும் பாத்திரங்களில் வாசகர் பெயர் சொல்லிக் கேட்கிற ஆள் ஒருவர் இருந்ததை நான் பார்க்கிறேன். கடைக்காரரிடம் யாரும் தலைப்பைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

எனக்குப் பெரிய சந்திப்பு ஒரு வக்கீலுடன். ஒரு பதிப்பகம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து "சகல உரிமைகளும்" என்று ஒரு தாளை நீட்டியிருந்தது. வக்கீல் வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலையே?" என்றார். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் போடாவிட்டால் 5 வருடம் என்றுதான் கொள்ளப்படும். இடம் போடாவிட்டால் இந்தியா மட்டும். ஆடியோ, வெப் சீரிஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள் என்றார். தாளைத் திருத்திக் கொடுத்தேன். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. அந்த நாவல் பின்னால் ஆடியோவாக வந்தது, வேறொருவர் மூலம். புத்தகத்தில் பார்த்ததைவிட அதில் காசு.

இளம் எழுத்தாளர்கள் பிணத்தைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள், ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன்.

செயலி_எழுத்தாளன்:

அண்ணே, படித்தேன், திட்டு எனக்குத்தான்.

நான் ஒரு ஜூனியர் வக்கீலைப் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் புதிய பாரதிய நியாய சன்ஹிதா வந்ததில், கொலைக்கு 302ஆவது பிரிவு 103 ஆகிவிட்டது. ஆனால் கதையில் 302 என்று போட்டால்தான் கமெண்டில் வாசகர்களுக்குப் புரிகிறது. என்ன செய்ய என்று கேட்டேன். "பேச்சுல இப்பவும் 302 ஓடுது. வசனத்துல அதை வெச்சுக்கோங்க. எஃப்.ஐ.ஆர். காட்டுற இடத்துல மட்டும் 103 போடுங்க."

சரி, ஜூன் 30 ராத்திரி பதினொன்றரைக்குக் குத்துகிறான், ஆள் சாவது ஜூலை 1 விடியற்காலை. எந்தச் சட்டம்? என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, சீனியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே போடுங்கள், ஏழாவது அத்தியாயத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.