பெண்கள் பிரிவே போதுமா, ஓப்பனிலும் ஆட விடலாமா?

செம்பூர் அம்மா:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, செஸ் ரேட்டிங் 1700-க்குக் கொஞ்சம் மேல். பெண்கள் பிரிவில் ஆடினால் கோப்பையோடு வருகிறாள், ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து ஆடும் ஓப்பனில் பரிசும் இல்லை, ரேட்டிங்கும் இறங்குகிறது. கோச் ஓப்பன்தான் என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, கல்யாணம் ஆனால் எல்லாம் நின்றுவிடும், எதற்கு இவ்வளவு செலவு என்கிறார்கள். போன ஓப்பனில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்தும் ரூக் எண்ட்கேமை (யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) ஜெயிக்க முடியாமல் டிரா செய்தாள். லோக்கல் ரயிலில் நின்றபடியே ஸ்கோர் ஷீட்டை விரித்து, எந்த மூவில் விட்டோம் என்று தேடிக்கொண்டே வந்தாள். அதைப் பார்த்த பிறகு நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேலே போனவர்கள் எப்படிப் போனார்கள்? பிழைப்புக்கு வழி உண்டா?

மாட்டுங்கா தாத்தா:
கோச் சொல்வதைக் கேளும்மா. நம் மும்பைக்காரர்கள்தான் காடில்கர் சகோதரிகள். 1974-இல் முதல் தேசியப் பெண்கள் சாம்பியன் மூத்தவர் வசந்தி. கடைசித் தங்கை ரோகிணி 1976-இல், 13 வயதில், ஆண்களின் தேசியப் போட்டியிலேயே இறங்கினார். எதிர்ப்பு கிளம்பி விஷயம் கோர்ட் வரை போக, அப்போது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவராக இருந்த மாக்ஸ் யூவே, பெண்களைத் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். 1981-இல் அதே ரோகிணி ஆசிய சாம்பியன். போராடி வாங்கிய இடம், அதை நாமே வேண்டாம் என்று சொல்லலாமா?

சயான் ராணி:
அக்கா, நான் மாநில அளவில் ஆடியவள். இரண்டையும் விடாதீர்கள். ஆட்டம் வளர்வது ஓப்பனில்தான். அங்கே எதிரே உட்காரும் ஐம்பது வயது அங்கிள் பொறியில் விழ மாட்டார், ராணிகளை மாற்றிவிட்டு எண்ட்கேமுக்கு இழுப்பார், உங்கள் பெண்ணுக்கு இப்போது வேண்டியது அதுதான். ஆனால் இந்தியா சார்பில் வெளியே போக தேசியப் பெண்கள் போட்டிகளும் வயதுப் பிரிவுகளும்தான் வாசல். வுமன் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 ரேட்டிங்கும், நார்ம்களும் (பலமான போட்டிகளில் பட்டத்துக்கு ஏற்ற அளவு ஆடிக் காட்டுவது) வேண்டும். நம் நாட்டில் அதை முதலில் வாங்கியவர் சென்னை விஜயலட்சுமி, 2001-இல். முழு கிராண்ட்மாஸ்டர் என்றால் 2500. வைஷாலி அதைத் தாண்டியது 2023-இல் ஸ்பெயினில், ஒரு ஓப்பனில்தான்! நார்முக்காக வெளிநாடு போகும்போதுதான் கை கடிக்கும், இப்போதே சேர்த்து வையுங்கள். வேலை என்றால் பொதுத்துறை நிறுவனங்கள் எடுக்கின்றன, கிராண்ட்மாஸ்டர் ஹம்பி ஓஎன்ஜிசியில் இருக்கிறார். ஆனால் பெரிய பதக்கம் இல்லாமல் அது கிடைப்பது கஷ்டம், அதனால் பத்தாம் வகுப்புப் படிப்பை விட்டுவிட வேண்டாம்.

முலுண்ட் வாசகி:
கல்யாணப் பேச்சுக்கு மட்டும் சொல்கிறேன். ஹம்பிக்கு 2017-இல் குழந்தை பிறந்தது. 2019-இல் உலக ரேபிட் சாம்பியன், 2024-இல் மறுபடியும். இன்னொரு கிராண்ட்மாஸ்டர் ஹரிகா 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் நிறைமாத வயிற்றோடு ஆடினார், அணிக்கு வெண்கலம். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

செம்பூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அவள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சரி, லீவில் ஓப்பன் ஆடட்டும் என்றார். சயான் ராணி, ரூக் எண்ட்கேமை முதலில் எங்கிருந்து ஆரம்பிப்பது? செம்பூர் பக்கம் சொல்லித் தருபவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

சயான் ராணி:
லுசேனா, ஃபிலிடோர், ரூக் எண்ட்கேமுக்கு அடிப்படையான இந்த இரண்டு பொசிஷனும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். போர்டில் காய் வைத்தே பழகட்டும், மொபைலில் வேண்டாம். மற்றதைத் தனிச்செய்தியில் எழுதுகிறேன் அக்கா.