60-ம் கல்யாணத்துக்கு போட்டோகிராபர்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். தை மாசம் அப்பாவுக்கு 60-ம் கல்யாணம், கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில. போட்டோகிராபர் பாலக்காட்டு மலையாளி, அருமையா எடுப்பார். ஆனா நம்ம சடங்கு அவருக்குப் பழக்கமில்ல. கலசத் தண்ணி ஊத்துற நேரத்துல அவர் பந்தியில நின்னுட்டா போச்சு.

பொண்ணு காதுகுத்துல (அப்ப வேற ஆளு) இப்படித்தான் ஆச்சு. தாய்மாமன் மடியில குழந்தை வீறிட்டு அழறப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா). 600 படத்துல அவங்க சுங்கடிச் சேலை முந்தானை மட்டும் ஒரு ஓரத்துல தெரியுது. அமுச்சி இப்ப இல்ல.

அதனால கேக்கறேன்: எடுக்க வேண்டியவங்க பட்டியலை முன்னாடியே குடுத்தா சங்கடப்படுவாரா? சொந்தத்துல ஒருத்தரை அவர்கூடவே நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லலாமா? ஹோமப் புகையில ஃப்ளாஷ் போட்டா முகமெல்லாம் வெளுத்துடுதே, அதை எப்படிப் பக்குவமா சொல்றது?