மிசிசிப்பியில் ஒரு சாண்ட்விச், ஒரு நூலகம், ஒரு டஜன் தமாலே

அமெரிக்கத் தெற்கு என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் அட்லாண்டா, ஹூஸ்டன் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் இருப்பது மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில். இங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு, அதனாலோ என்னவோ உள்ளூர் ஆட்களோடு பழகுவது தானாக நடந்துவிட்டது. அப்படிப் பழகியதில் எனக்குப் புரிந்த விஷயம், இந்த ஊரில் சாப்பாடு தனி, சரித்திரம் தனி, புத்தகம் தனி என்று பிரித்துப் பேசவே முடியாது. சாண்ட்விச்சைப் பற்றிக் கேட்டால் பேச்சு ஒரு கொலையில் போய் நிற்கும். நூலகத்தைப் பற்றிக் கேட்டால் ஜெயிலுக்குப் போன மாணவர்கள் வருவார்கள். அத்தனையையும் சேர்த்துத்தான் இவர்கள் தங்கள் ஊரைக் கொண்டாடுகிறார்கள், எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதும் அதனால்தான்.

முதலில் சாண்ட்விச். ஃபேரிஷ் தெரு என்று ஒன்று இருக்கிறது. இனப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் கறுப்பின மக்களின் கடைத்தெரு அதுதான். தையல் கடை, மருந்துக்கடை, வக்கீல் அலுவலகம், இசைக்கூடம் எல்லாம் அங்கேயே. நான் போனபோது பாதிக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. அந்தத் தெருவில் மெக்சிகோ நகரத்திலிருந்து வந்த ஹுவான் மோரா என்பவர் முதலில் தெருவில் தமாலே (மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து வேகவைக்கும் பண்டம்) விற்று, பிறகு 1939இல் தொடங்கிய கடை பிக் ஆப்பிள் இன். அங்கே பிரசித்தம் பன்றிக்காது சாண்ட்விச். கசாப்புக் கடையில் யாரும் வாங்காமல் ஒதுக்கும் காதை நன்றாக வேகவைத்து, சின்ன வட்ட பன்னுக்குள் வைத்து, கடுகு சாஸ், முட்டைக்கோஸ், காரச் சாஸ் போட்டுத் தருகிறார்கள். பழைய காலத்தில் அந்தக் காதை மிருதுவாக்க நாள்கணக்கில் வேகவைப்பார்களாம், பிறகு பிரஷர் குக்கர் வந்து வேலையைச் சுலபமாக்கியது. வாயில் வைத்தால் கொழுப்பும் வழவழப்புமாக, ஆட்டுக்கால் சாப்பிடுபவர்களுக்குப் பழக்கமான பதம். எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கடியோடு நிறுத்திக்கொண்டார்.

பக்கத்து மேசையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊர்?" என்று கேட்டார். இந்தியா என்றதும், "இந்த மாடியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று தெரியுமா?" என்று கூரையைக் காட்டினார். மெட்கர் எவர்ஸின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தர ஊர் ஊராக அலைந்தவர், 1954 முதல் இந்த மாநிலத்தில் முழுநேரமாக அந்த வேலையைச் செய்தவர். 1963 ஜூன் 12ஆம் தேதி நள்ளிரவு தாண்டி வீடு திரும்பியபோது, கார் நிறுத்தும் இடத்திலேயே முதுகில் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்தது 1994இல். பெரியவர் இதையெல்லாம் குரலை உயர்த்தாமல், சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும், "அடுத்த தடவை ஸ்மோக்ஸ் வாங்கிச் சாப்பிடு, அதுதான் இன்னும் நல்லா இருக்கும்" என்றார். அது புகையூட்டிய சாசேஜை உதிர்த்து வைத்த சாண்ட்விச். அடுத்த தடவை அதைத்தான் வாங்கினேன், அவர் சொன்னது சரிதான்.

அப்புறம் நூலகம். இதை நான் தெரிந்துகொண்டது மிசிசிப்பி புத்தகத் திருவிழாவில். 2015 முதல் நடக்கிறது, இடம் எங்கே தெரியுமா, மாநிலச் சட்டமன்றக் கட்டடமும் அதைச் சுற்றியுள்ள புல்வெளியும்தான். அனுமதி இலவசம். எழுத்தாளர்கள் உட்கார்ந்து பேசுவது சட்டமன்றக் குழுக்கள் கூடும் அறைகளில். நான் முதலில் போனது ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை, நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குக் குறையாத வெயில், அதோடு புழுக்கம் வேறு. நிழல் தேடி நின்ற வரிசையில், ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் எனக்கு முன்னால். எழுபதைத் தாண்டியிருக்கும். விசிறியை என் மகள் பக்கமும் திருப்பி வீசிக்கொண்டே, "கண்ணு, உனக்கு லைப்ரரி கார்டு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று அவள் தலையாட்டியதும் அவர் சொன்ன கதை இது.

1961 மார்ச் 27. ஜாக்சனை ஒட்டியுள்ள டூகலூ கல்லூரியிலிருந்து ஒன்பது கறுப்பின மாணவர்கள், நாலு பெண்கள், ஐந்து ஆண்கள். முதலில் கறுப்பினத்தவருக்கு என்று ஒதுக்கியிருந்த சிறிய நூலகத்துக்குப் போய், அங்கே இருக்காது என்று நன்றாகத் தெரிந்த புத்தகங்களைக் கேட்டார்கள். இல்லை என்று பதில். அதன் பிறகு வெள்ளையருக்கு மட்டுமான மைய நூலகத்துக்குப் போனார்கள். புத்தகத்தை எடுத்தார்கள், மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. போலீஸ் வந்து கைது செய்து ஜெயிலில் அடைத்தது. வழக்கு விசாரணை அன்று நீதிமன்றத்துக்கு வெளியே ஆதரவாகக் கூடிய மக்களைத் தடியாலும் நாய்களை விட்டும் விரட்டினார்கள்.

அந்த அம்மா சொல்லும்போது என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "படிச்சதுக்கா?" என்று ஒரே கேள்வி. "படிச்சதுக்குத்தான்" என்றார் அவர். அடுத்த மூச்சில், உள்ளே எந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது, எந்தக் கூடாரத்தில் எலுமிச்சை ஜூஸ் நன்றாக இருக்கும் என்ற விவரத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு சேர்த்து கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்செஸ் பக்கம் 1908இல் பிறந்தவர். ஜாக்சனில் ஸ்மித் ராபர்ட்சன் பள்ளியில் படித்து 1925இல் வகுப்பிலேயே முதல் மாணவனாக வந்தவர். அந்தப் பள்ளிக் கட்டடம் இப்போது கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம். அவர் மெம்பிஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனபோது அங்கேயும் நூலகத்தில் புத்தகம் எடுக்க முடியாது. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரின் கார்டை வாங்கி, அந்த வெள்ளைக்காரரே எழுதியது போல ஒரு சீட்டும் தானே எழுதி, எடுபிடியாக வந்தவன் மாதிரி நின்று புத்தகம் வாங்கிப் படித்தார். இன்று ஜாக்சனின் கிளை நூலகங்களில் ஒன்றுக்கு அவர் பெயர், இன்னொன்றுக்கு மெட்கர் எவர்ஸ் பெயர், மற்றொன்றுக்கு இங்கேயே பல வருடம் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கவிஞர் மார்கரெட் வாக்கர் அலெக்சாண்டர் பெயர். சிலை வைப்பதை விட இது மேல் என்று நினைக்கிறேன். குழந்தைகள் வாரம் தவறாமல் அந்தப் பெயரைச் சொல்லி, "போலாமா?" என்று கேட்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இந்த நேர்மை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய தோட்ட முதலாளி மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். வழிகாட்டி திரைச்சீலை எந்த நாட்டிலிருந்து வந்தது, வெள்ளிப் பாத்திரத்தை அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது எங்கே புதைத்தார்கள் என்று மணிக்கணக்கில் சொன்னார். சமையலறைக்கு வந்ததும் பழைய சமையல் குறிப்புகளைப் பற்றி ரசித்துப் பேசினார். அந்தச் சமையலைச் செய்தவர்கள் யார் என்று கேட்டேன். "வேலையாட்கள்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டவர்களை அப்படிச் சொல்வதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவர் பெருமையாகச் சொன்ன வெண்டைக்காய்ச் சமையல், காராமணிச் சமையல் எல்லாம் அவர்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. அவர்களை விட்டுவிட்டுத் தெற்கத்திச் சாப்பாட்டைக் கொண்டாடுவது பொய். ஜாக்சனில் 2017 டிசம்பரில் திறந்த சிவில் உரிமை அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வந்தால் நான் சொல்வது புரியும். அரை நாளாவது ஒதுக்குங்கள், எட்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் கூட்டிப்போகும் முன் ஒரு முறை யோசியுங்கள்.

இனி தமாலே. ஜாக்சனிலிருந்து வடமேற்கே போனால் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே தட்டையாக விரியும் நிலத்தை டெல்டா என்கிறார்கள். பருத்திக்காகவே காட்டை வெட்டித் திருத்திய பூமி. அங்கே வழியோரக் கடைகளிலெல்லாம் தமாலே. மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளக்கதிரின் மடலில் சுருட்டி, நூலால் மூன்று மூன்றாகக் கட்டி, மசாலா கலந்த தண்ணீரிலேயே வேகவைக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்தவள் நான், மடலைப் பிரித்ததும் வந்த ஆவியும் வாசனையும் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது, இனிப்புக்குப் பதில் மிளகாய்க் காரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருத்தி எடுக்க வந்த மெக்சிகோத் தொழிலாளர்களிடமிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டது என்றுதான் பலர் சொல்கிறார்கள். வயலில் மதியம் வரை சூடு ஆறாமல் இருக்கும், கையால் சாப்பிடலாம், வயிறு நிறையும். 1936இல் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் தமாலே விற்பதைப் பற்றி ஒரு பாட்டே பதிவு செய்திருக்கிறார்.

கிரீன்வில் ஊரில் 2012 முதல் அக்டோபரில் தமாலேவுக்கு ஒரு திருவிழா. அந்த ஊரில் டோஸ் ஈட் பிளேஸ் என்று 1941இல் ஒரு இத்தாலியக் குடும்பம் தொடங்கிய கடை உண்டு. பார்த்தால் பழைய பலசரக்குக் கடை மாதிரி, உள்ளே நுழைந்தால் நேரே அடுப்படி. கறுப்பின வாடிக்கையாளர்கள் முன்வாசல் வழியாகவும் வெள்ளையர்கள் பின்வாசல் வழியாகவும் வந்து போன கடை அது, அந்தக் கால வழக்கத்துக்கு நேர் எதிர். எங்களுக்குத் தமாலே கொண்டுவந்த பெண்மணியிடம் இதைக் கேட்டதும் நின்று நிதானமாக, எந்தக் கதவு எது என்று கையை நீட்டிக் காட்டினார். தமாலேவுக்குத் தொட்டுக்கொள்ள உப்பு பிஸ்கட் தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

ரோஸ்டேல் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். தமாலேவுக்காகப் போன ஊர், ஆனால் என் மனதில் தங்கியது வேறு. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு டெல்டாவில் சீனர்கள் குடியேறி மளிகைக் கடை வைத்தார்கள். ரோஸ்டேலில் அப்படி ஒரு கடைக்காரரின் மகள் மார்த்தா லம். 1924இல் பள்ளி திறந்த அன்றே, நீ வெள்ளைக்காரி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கோங் லம் வழக்குப் போட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். 1927இல் நீதிமன்றம் பள்ளி பக்கமே தீர்ப்புச் சொன்னது. பக்கத்திலுள்ள கிளீவ்லாந்தில், டெல்டா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தச் சீனக் குடும்பங்களுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. தராசு, கல்லாப்பெட்டி, குடும்பப் போட்டோக்கள். அங்கே வந்திருந்த சீன வம்சாவளிப் பெரியவர் ஒருவர் அசல் டெல்டா இழுவையோடு ஆங்கிலம் பேசினார். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில்தான் குடும்பம் முழுக்க வளர்ந்தது, அம்மா வாணலியில் டர்னிப் கீரையைப் பூண்டு போட்டு வதக்குவார் என்றார். "நீங்களும் அதையே வாங்கி உங்கள் மசாலாவில் செய்வீர்கள்தானே?" என்று என்னைக் கேட்டார். ஆமாம், கடுகு தாளித்துத் தேங்காய் போட்டு என்றேன். ரெசிபியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இந்த மாதிரிக் கதைகளைச் சேகரிப்பதையே வேலையாக வைத்திருக்கும் அமைப்பு ஒன்றும் இங்கே இருக்கிறது. 1999இல் தொடங்கிய சதர்ன் ஃபுட்வேஸ் அலையன்ஸ், இதே மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. தமாலே விற்பவர், மீன் பொரிப்பவர், மளிகைக்காரர் என்று சாதாரண ஆட்களின் வாய்மொழியைப் பதிவு செய்து இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள். டெல்டா போகும் முன் அதில் தமாலேக்காரர்களின் பேட்டிகளைப் படித்துவிட்டுப் போங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் சதுக்கத்திலேயே 1979 முதல் இருக்கும் ஸ்கொயர் புக்ஸ் கடைக்கும் ஒரு மாலை ஒதுக்கலாம், மாடி பால்கனியில் காபியோடு உட்காரலாம்.

கடைசியாக, எங்கள் வட்டாரப் புத்தகக் குழுவில் நடந்தது. புத்தாண்டன்று தெற்கில் காராமணி சாப்பிட்டே ஆக வேண்டும், கூடவே கீரை, சோள ரொட்டி. ஜனவரிக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள், நான் காராமணிச் சுண்டல் செய்து கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் ஒரு பாட்டி கொண்டுவந்த அதே காராமணி, புகையூட்டிய பன்றி இறைச்சியோடு. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டு, எத்தனை மணி நேரம் ஊறவைத்தாய், உப்பை எப்போது போட்டாய் என்று அவர் கேட்ட கேள்விகளில் அன்றைக்குப் புத்தக விவாதம் பாதிதான் நடந்தது. உப்பைக் கடைசியில்தான் போடுவது என்பதில் அவருக்கும் எனக்கும் முழு உடன்பாடு. இப்போது அவர் வீட்டில் கடுகு, கறிவேப்பிலை எல்லாம் இருக்கிறது, கறிவேப்பிலை என் தொட்டிச் செடியிலிருந்து போவது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் டெல்டாவை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள், சின்ன ஊர்களில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். தமாலே கடைகளுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள், கையில் பணமாகவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.